கற்பூரத்தில் ஊற்றிய தண்ணீர்

நினைவுக்கல் கமிட்டிக் காரியதரிசி ஐயா, என் அக்கா ஏற்றிய கற்பூரத்தில் தண்ணீர் ஊற்றச் சொன்னவர் நீங்கள். அக்காவின் முதலாண்டு நினைவு மலரில் இதையெல்லாம் எழுதலாமா என்று உறவினர் சிலர் கேட்டார்கள். இதை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

அக்கா நாட்றம்பள்ளியில் பிறந்தார். மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு ஆம்பூர் வந்தார். மாமா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவர். பெரிய யுத்தத்துக்கு மூட்டை சுமக்கக் கூலிப் பட்டாளம் சேர்த்தபோது பெயர் கொடுத்து பஸ்ராவுக்குக் கப்பலேறினார். அங்கேயே காய்ச்சலில் இறந்தார். எங்கே புதைத்தார்கள் என்றுகூட யாரும் சொல்லவில்லை. அக்கா அதே ஷாப்பில் ஆவாரம்பட்டை இடித்து இரண்டு பெண்களை ஆளாக்கினார். கோபம் வந்தால் மேஸ்திரியையும் விடமாட்டார்.

பிறகு ஊரில் நினைவுக்கல் நட்டார்கள். மேலே சிலுவை, கீழே யுத்தத்தில் போனவர்களின் பெயர்கள். சிலுவையைப் பற்றி அக்கா ஒரு குறையும் சொல்லவில்லை. மாமாவின் பெயர் இருந்ததே போதும் என்றார். மாமாவுக்கென்று இருந்த ஒரே இடம் அது.

யுத்த நினைவு நாளில் அந்தப் பெயருக்குக் கீழே அக்கா கற்பூரம் ஏற்றினார். கல்லில் கரி பிடிக்கும் என்று சொல்லி, பியூனை விட்டு அணைத்தீர்கள். பக்கத்தில் எஸ்தர் அம்மாள், அதே யுத்தத்தில் போன தன் வீட்டுக்காரருக்கு ஏற்றிய மெழுகுவர்த்தி கல்லிலேயே உருகி வழிந்துகொண்டிருந்தது. அதை யாரும் தொடவில்லை. அந்த யுத்தத்தில் மகனைப் பறிகொடுத்த எங்கள் தெரு பாய் ஃபாத்தியா ஓதக் கை ஏந்தினார். கல்லைச் சுற்றியிருந்த கம்பி வேலிக்கு வெளியே போய் ஓதச் சொன்னீர்கள்.

அடுத்த வருஷம் அக்கா பித்தளைத் தட்டு கொண்டுபோனார். கல்லில் ஒரு பொட்டுக் கரி படவில்லை. அதற்கும் தண்ணீர்தான்.

"கரி தட்டுல இருக்குது. இப்ப இன்னா கொறை அய்யா?" என்று அக்கா கேட்டார்.

"இங்க ஒரு முறை இருக்குதும்மா. உன் பூஜையெல்லாம் கோயில்ல வெச்சுக்க" என்றீர்கள்.

"கோயில்ல எங்க வீட்டுக்காரர் பேரு இல்லியே."

எஸ்தர் அம்மாள் குனிந்து தன் மெழுகுவர்த்தியை ஊதினார். "அவுளுது எரியாத எடத்துல என்னுது மட்டும் எதுக்கு?" என்று சொல்லி, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

அன்று முதல் வருஷா வருஷம் மூவரும் வேலிக்கு வெளியே நின்றார்கள். சீக்கிரம் ஓதுங்க பாய், கற்பூரம் ஜாஸ்தி இல்லை என்று அக்கா கிண்டல் செய்வார். பாய் சிரித்துக்கொண்டே இன்னும் நிதானமாக ஓதுவார். போகப் போக வேலிக்கு உள்ளே கூட்டம் கம்மியாகி வெளியே ஜாஸ்தியானது. நீங்களும் பார்த்தீர்கள்.

போன வருஷம் அக்கா மார்ச்சளியில் படுத்தார். எழுந்திருக்க முடியாத நிலையில் அந்தத் தட்டை எடுத்துவரச் சொல்லி என் கையில் கொடுத்தார். "வெளிய நின்னது போதும்டா. நீ உள்ள போய் ஏத்து" என்றார். மறுநாள் போய்விட்டார்.

கடைசிவரை பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட எஸ்தர் அம்மாளையும், இந்த வயதில் பாடைக்குத் தோள் கொடுத்த பாயையும், வேலையைப் போட்டுவிட்டு வந்த ஷாப்பு ஆட்களையும் எங்கள் குடும்பம் மறக்காது.

காரியதரிசி ஐயா, இந்த மலரில் ஒன்று உங்கள் வீட்டுக்கும் வருகிறது. வருகிற யுத்த நினைவு நாளில் தட்டோடு உள்ளே வருவேன். பாயும் எஸ்தர் அம்மாளும் என்னோடு வருவார்கள். ஒரே யுத்தத்தில் செத்தவர்களில் ஒருவருக்கு உள்ளே இடம், இன்னொருவருக்கு வேலிக்கு வெளியே என்று எந்தச் சட்டம் சொல்கிறது? அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று, ஊர் கேட்க, உங்கள் வாயால் சொல்லுங்கள்.