டிஜிஎஃப் பீட்டாவும் என் மதினியின் வலது கையும்

என் மதினியின் வலது கை வெந்தபோது நான் மதுரையில் ஓர் ஆய்வகத்தில் டிஜிஎஃப் பீட்டா என்ற புரதத்தை முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்தேன். நம் எல்லோர் உடம்பிலும் காயத்தை ஆற்றுவது அது. தழும்பைத் தடிக்க வைப்பதும் அதுதான். இப்படி ஒரு பொருத்தம் எந்தக் குடும்பத்துக்கும் வாய்க்க வேண்டாம்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், அலுமினியப் பொடி சேர்த்த பட்டாசுக் கலவை உராய்ந்து பற்றிக்கொண்டது. மதினி வெளியே ஓடிவிட்டாள். உயிர் தப்பியது, கை தப்பவில்லை. வெந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் போர்மேன் சொன்ன முதல் வார்த்தை, "யாரு கேட்டாலும் வீட்டு அடுப்பு வெடிச்சதுன்னு சொல்லிருங்க" என்பதுதான். மதினி அப்படியே சொன்னாள். அண்ணனும் சொன்னான். ஆய்வகத்தில் விசாரித்தவர்களிடம் வெட்கமில்லாமல் நானும் சொன்னேன்.

சாத்தூரில் ஒரு சின்ன கிளினிக்கில் கட்டுப் போட்டுப் புண் ஆறியது. அப்பாடா என்று மூச்சு விட்டோம். வினையே அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஆறிய தோல் சிவந்து, தடித்து, முரண்டு பிடித்து இழுத்தது. விரல்கள் மாதத்துக்கு மாதம் உள்ளங்கையை நோக்கி மடங்கின. வீட்டில் ஸ்பூனால் சமாளித்துக்கொண்டாள். ஆனால் கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்காருவதை அடியோடு நிறுத்திவிட்டாள். "நாலு பேரோட உக்காந்து என் கையால சோறு அள்ளித் திங்கணும்த்தா. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள்.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். எப்படி வெந்தது என்று டாக்டர் கேட்டார். மதினி அடுப்பு என்றாள். தோலுக்குள் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்த பொடியை அவர் விரலால் தொட்டுக் காட்டி, "உங்க ஊர்ல அடுப்புல அலுமினியப் பொடி போட்டா எரிக்கிறீங்க?" என்றார். இருவரும் தரையைப் பார்த்தோம். அவர் அதற்கு மேல் நோண்டவில்லை. இறுகிய தழும்பை வெட்டி விடுவித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைக்க வேண்டும் என்றார். இப்போதே செய்தால் விரல்கள் நிமிரும், மூட்டு இறுகிப்போனால் கஷ்டம் என்றும் தெளிவாகச் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மதினி தொடையைத் தடவிக்கொண்டே வந்தாள். அவளுக்குக் கத்தி என்றாலே குலை நடுங்கும். பயத்தை மறக்கடிக்கத்தான் என் புரதத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "காயம் பட்டதும் அதுதான் ஆள் கூப்பிடும் மதினி. வாங்க, நார் நெய்ங்க, ஓட்டைய அடைங்கன்னு செல்லுகளுக்கு உத்தரவு போடும். வேலை முடிஞ்சதும் அது அடங்கணும். ஒங்க கையில அடங்காம உத்தரவு போட்டுக்கிட்டே இருக்கு."

"அப்ப அத அடக்குறதுக்கு ஒரு மருந்து குடுத்தா அறுக்க வேண்டாம்லா?"

"அதத்தான் உலகம் பூராத் தேடுறாக. வரும்."

"வரும்ங்கியா?"

"கண்டிப்பா வரும் மதினி."

நான் சொல்லாமல் விட்டது இவ்வளவு. அந்தப் புரதம் தழும்புக்கு மட்டும் வேலை செய்வதில்லை. நோய் எதிர்ப்புச் செல்கள் நம் உடம்பையே தின்றுவிடாமல் கட்டிப்போட்டிருப்பதும் அதுதான். அது இல்லாமல் பிறந்த எலிகள் உறுப்பெல்லாம் அழற்சி கண்டு சில வாரங்களில் செத்துப்போகின்றன. அதை மொத்தமாக முடக்கிப் பார்த்த விலங்குகளில் இதயத்தின் வால்வுகள் கெட்டிருக்கின்றன. தழும்பில் மட்டும், தேவையான அளவு மட்டும் அதை அடக்குவது எப்படி என்று யாருக்கும் பிடிபடவில்லை. இத்தனையும் என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் நானே என் கையால் எழுதியது.

எங்கள் துறையில் ஒரு சம்பிரதாயம் உண்டு. எந்தக் கட்டுரை எழுதினாலும் கடைசி வரியில் 'இப்புரதம் எதிர்காலச் சிகிச்சைக்கான இலக்காக அமையக்கூடும்' என்று போட்டு முடிப்போம். எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும், அதை நம்பி யாரும் காத்திருக்கப் போவதில்லை என்று. அந்தக் கடைசி வரியைத்தான் மதினியிடம் சொன்னேன். அதுவரை என்னை 'எலி டாக்டர்' என்று கேலி செய்துவந்தவள் அன்று வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இனித்தது. சீ என்று இருக்கிறது இப்போது நினைத்தால்.

எங்கள் பக்கத்தில் காலத்தை சீசன் கணக்கில்தான் அளப்பார்கள். புது ரகம் ஒன்று வரப்போகிறது என்று கம்பெனியில் பேச்சு அடிபட்டால், அடுத்த தீபாவளிக்கு அது லேபிள் ஒட்டி லோடு ஏறிவிடும். மதினி என் மருந்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாள். ஆபரேஷனுக்குக் கொடுத்த தேதிக்குப் போகவில்லை. பயத்தில் தள்ளிப்போடுகிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். போனில் "ஒன் மருந்து எங்கன வந்துக்கிட்டு இருக்கு?" என்று கேட்பாள். "வந்துக்கிட்டே இருக்கு மதினி" என்று சிரிப்பேன். எனக்கு அது விளையாட்டுப் பேச்சு. இரண்டு தீபாவளி போனது. நான் பட்டம் வாங்கினேன்.

மறுபடி அதே டாக்டரிடம் போனபோது அவர் ஒவ்வொரு விரலையும் நிமிர்த்திப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. தோலை விடுவித்தாலும் இனி மூட்டு மடங்கி நிமிராது, சோறு அள்ளும் அளவுக்குக் கை திரும்பாது என்றார். "இத்தனை நாளா ஏம்மா வரல?" என்று அதட்டினார்.

"பயந்துக்கிட்டு வரல சார்" என்றாள் மதினி. என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். "மதினி, அந்த மருந்து எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கும் தெரியாது" என்றேன்.

அவள் கோபமே இல்லாத குரலில் கேட்டாள்:

"தெரியாதுன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அறுத்துட்டுப் போயிருப்பேனேத்தா. அதுக்காக ஒன்னைய நான் எளக்காரமாவா பாத்திருப்பேன்?"