மலாகியின் தோலுக்கு மன்னிப்புக் கேட்ட கதை

நான் சொல்லப்போவது முழுக்க முழுக்க உண்மை. பேருந்து கிளம்ப நேரமிருக்கிறது, ஓட்டுநர் பெனி இன்னும் தன் தேங்காய்ப்பால் பன்னை முடிக்கவில்லை, அதனால் சாவகாசமாகவே சொல்கிறேன். ஒரே ஒரு விஷயம். அங்கங்கே கொஞ்சம் இழுத்துவிட்டிருப்பேன்.

"எவ்ளோ இழுத்திருக்க?" என்று பின் இருக்கையிலிருந்து ஃபிலோமேனா கேட்டாள். அவள் மலாகியின் பெரிய குடும்பத்துக்கெல்லாம் தலைவரான துயிமாலுவின் மகள். கதையில் அவள் அப்பா வரப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

"பாய் நீளத்துக்கு இழுக்கல அக்கா. தலகாணி நீளத்துக்குத்தான்."

"சரி, சொல்லித் தொல. எங்கப்பாவைப் பத்தி ஏடாகூடமா ஏதாச்சும் வந்துச்சு, பஸ்ஸ விட்டு எறக்கிருவேன்."

"பஸ் என்னுது அக்கா," என்றான் பெனி, வாய் நிறையப் பன்னோடு. பெனி மலாகியின் தாய்மாமன்.

மலாகியை இந்தத் தீவில் தெரியாதவர் கிடையாது. மீன் டின் ஃபாக்டரி வாசலில் ஒருவன் தேங்காய் எண்ணெய் வழியச் சொறிந்துகொண்டு நின்றால் அவன்தான் மலாகி. முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து, எல்லா இடத்திலும் கரப்பான். பிறந்தபோது அழுவதற்கு முன்னால் சொறிந்தானாம். சர்ச்சில் அவன் சொறியும் தாளத்துக்குத்தான் பாட்டுக்குழு பாடும். அவன் காய்ச்சலில் படுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டு பாதியில் நின்றுபோனது. அவன் முதுகு தேய்த்த தென்னைமரம் இன்றைக்கும் கடல் பக்கம் சாய்ந்து நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

மருந்து சொல்லாத ஆள் இல்லை. ஒருத்தி மஞ்சள் பூசினாள். ஒருத்தன் கடல் தண்ணீரில் ஊறவைத்தான். பாதிரியார் ஜெபம் பண்ணினார். இதோ நம் ஃபிலோமேனா டின் மாட்டிறைச்சியின் கொழுப்பை வழித்துத் தடவினாள். எல்லாம் சேர்ந்து, அவன் தெருவில் நடந்தால் நாய்கள் மரியாதையோடு பின்னால் வரும்.

வேலைக்குப் போனதோ ஃபாக்டரிக்கு. மீன் கழுவும் உப்புத் தண்ணீருக்கும் கரப்பானுக்கும் ஆகவே ஆகாது. கையுறை போட்டால் வேர்த்து அரிக்கும், கழற்றினால் உப்பு எரிக்கும். மாலையில் வீடு திரும்பும்போது அவன் கையும் வெட்டின சூரை மீனும் ஒரே நிறம். அங்கேயே இருந்தால் தோலே மிஞ்சாது என்று அவனுக்குத் தெரிந்துபோனது. தப்பிக்க எங்கள் ஊரில் ஒரே வழிதான். அமெரிக்க ராணுவம், தீவு அவர்கள் கொடிக்குக் கீழேதானே இருக்கிறது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் ஏசு இருப்பார், பக்கத்தில் சீருடை போட்ட ஒரு பையன் இருப்பான். மலாகி வீட்டில் மட்டும் ஏசு தனியாக இருந்தார்.

பரீட்சையில் பாஸ் ஆனான். உடல் பரிசோதனைக்கு ஹொனோலுலுவுக்கு விமானம் ஏற வேண்டும். நம் ஆட்களுக்குப் பொறுமை ஏது? பரிசோதனைக்குப் போகிறவனுக்கே போருக்குப் போகிறவன் மாதிரி விருந்து வைத்தார்கள். பன்றிகள் வெட்டினார்கள், சுடுகல் அடுப்பு மூட்டினார்கள், கழுத்தில் போட்ட மாலையில் மலாகியின் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. துயிமாலு பேசிய வழியனுப்புரையில் உலகத்தில் நடந்த எல்லாப் போரும் வந்தது, நடக்காத சிலதும் வந்தது. அவன் அம்மா சலோத்தே அழுத அழுகையில் சோறு உப்புக் கரித்தது.

ஹொனோலுலுவில் டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னார். முழங்கையைப் பார்த்தார். போடச் சொன்னார். அடுத்த விமானத்தில் மலாகி திரும்பி வந்துவிட்டான்.

வழியனுப்பு விருந்து தின்று முடித்த ஊருக்கு ஒருவன் திரும்பி வரக்கூடாது. செத்தவன் அடக்கம் முடிந்து எழுந்து வந்த மாதிரி ஆகிவிடும். விமான நிலையத்தில் அவனைப் பார்த்த முதல் ஆள் கேட்டது, "ஏண்டா, அதுக்குள்ள சண்ட முடிஞ்சிருச்சா?"

எனக்கு மட்டும் ஒரு விஷயம் புரியவே இல்லை. துப்பாக்கிக் குண்டு ஓட்டை போடப்போகிற தோல்தானே. அதற்கு முன்னால் அது பட்டு மாதிரி இருக்க வேண்டுமாம்.

ஆள் சேர்க்கும் அலுவலகத்தில் சார்ஜென்ட் அசோ என்று ஒருவர். நம் ஊர்க்காரர்தான், அக்கரை கிராமம். அவர் மலாகியையும் துயிமாலுவையும் உட்காரவைத்து நல்லபடியாகச் சொன்னார்.

"ஐயா, இதோட முடிஞ்சிரல. விலக்குன்னு ஒண்ணு கேக்கலாம். தோல்ல கொறை இருக்குதான், ஆனா ஆளு தாங்குவான்னு ஒரு டாக்டர் பாத்து எழுதணும். மேல இருக்கறவங்களுக்குச் சரின்னு பட்டா அதைக் கண்டுக்காம விட்டுருவாங்க. அடுத்த வாரம் ராணுவ டாக்டரம்மா வராங்க. மேஜர் விட்டகர்னு பேரு. அவங்க பாப்பாங்க."

"அதாவது கொறை நம்ம மேல," என்றார் துயிமாலு.

"ஆமா, ஒரு வகையில."

"பெரிய மனுஷி ஒருத்தங்க அதைப் பெருசு பண்ணாம விடணும்."

"ஆமாங்க ஐயா."

"இவ்ளோதான? இதுக்கு எதுக்கு டாக்டரு. நாங்க பாத்துக்கறோம்."

சார்ஜென்ட் அசோ அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை.

நமக்குத் தெரிந்த வழி எது? ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குத் தப்பு செய்துவிட்டால், விடியும் முன்னே போய் அவர்கள் வீட்டு முன்னால் தலைகுனிந்து உட்கார வேண்டும். தப்பு செய்தவன் மேல் இருப்பதிலேயே நல்ல தாழம்பாயைப் போர்த்த வேண்டும். பக்கத்தில் விறகும் அடுப்புக் கல்லும் வைக்க வேண்டும், எங்களைச் சுட்டுத் தின்றாலும் சரி என்று அர்த்தம். வெயில் ஏறினாலும் மழை கொட்டினாலும் பாய்க்குள் இருப்பவன் அசையக்கூடாது. எதிராளி வந்து பாயைத் தூக்கிவிட்டால் மன்னித்தாயிற்று. அதற்கப்புறம் அந்தத் தப்பைப் பற்றி யாரும் வாயே திறக்கக்கூடாது. கொலைக்கே இதுதான் வழி. கரப்பானுக்கு மட்டும் வேறு வழியா இருக்கப்போகிறது?

மேஜர் வரும் நாள் காலையில் சார்ஜென்ட் அசோ வந்து பார்த்தால், அலுவலகப் புல்தரையில் முழுக் குடும்பம். முன்னால் துயிமாலு, குனிந்த தலை. நடுவில் பாய் மூடிய ஒரு மேடு. விறகு. கல். சலோத்தே விசும்பிக்கொண்டிருக்கிறாள்.

"ஐயா, என்ன இது, யாரை யாரு என்ன பண்ணிட்டா?"

"நீ பேசாத தம்பி. நீ சம்பந்தப்பட்ட ஆளு இல்ல."

"இது ராணுவம் ஐயா. தோலுக்கெல்லாம் மன்னிப்புக் கேக்க மாட்டாங்க."

"கேட்டுப் பாத்திருக்கியா?"

அசோ பாயைப் பார்த்தார். பாயைத் தூக்கலாமென்றால், அவருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் என்ன பகை என்று தீவு முழுக்கக் கேட்கும். தூக்காமல் விட்டால், பாய்க்குள் உட்கார்ந்தவனை வெயிலில் வாடவிட்டவன் என்று அவர் பேரப்பிள்ளைகள் காலம் வரை சொல்லிக் காட்டுவார்கள். அவர் ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்.

வெயில் ஏறியது. எவ்வளவு வெயில் என்கிறீர்கள்? அடுப்பு மூட்டாமலே அந்தக் கல்லில் கிழங்கு வேகும். பாய்க்குள்ளே மலாகி. வேர்வை, தாழைநார், கரப்பான் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நினைக்கும்போதே எனக்கு முதுகு அரிக்கிறது. பிறந்ததிலிருந்து சொறிவதைத் தவிர வேறொன்றும் ஒழுங்காகச் செய்யாத பையன். மேடு ஆடவில்லை. ஒரு ஓரம்கூட நடுங்கவில்லை.

மேஜர் விட்டகர் வந்து இறங்கினார். ஒல்லியான வெள்ளைக்கார அம்மா, தொப்பிக்குள் பாதி ஆள். அழுகிற பெண், குனிந்த தலைகள், மூடிக் கிடக்கிற உருவம், எல்லாவற்றையும் பார்த்தார். டாக்டர் அல்லவா, ஓடினார். யாரோ வெயிலில் செத்துவிட்டான் என்று நினைத்துப் பாயைத் தூக்கிவிட்டார்.

அவ்வளவுதான். குடும்பம் மொத்தமும் ஓ என்று அழுதது. துயிமாலு எழுந்து தன் கோலை ஊன்றிப் பேச ஆரம்பித்தார். அமெரிக்காவின் பெருந்தன்மை, கடலின் ஆழம், மேஜரின் முன்னோர்கள், எல்லாம் அதில் வந்தது. மேஜர் மலாகியின் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார்ஜென்ட், இவங்க என்ன சொல்றாங்க?" (அவர் பேசியது இங்கிலீஷ். நான் நம் பேச்சில் சொல்கிறேன்.)

"மேடம், நீங்க இவன் தோலை மன்னிச்சிட்டீங்க."

"நான் இவன் மூச்சு விடறானான்னு பாத்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம், இந்த ஊர்ல."

உள்ளே போனார்கள். மேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "சரி, அந்தக் கரப்பானைக் காட்டு" என்றார்.

அசோ அதை மொழிபெயர்க்க, துயிமாலு தொண்டையைக் கனைத்தார். "எந்தக் கரப்பான்?"

"இவனுக்கு இருக்கே, அது."

"மேடம், அது முடிஞ்சுபோன விஷயம். நீங்க பெரிய மனசு பண்ணி விட்டுட்டீங்க. திருப்பிக் கெளறினா உங்க மரியாதைக்குத்தான் கொறைச்சல்."

"நான் பாக்காம எழுத முடியாதே."

"எதைப் பத்தி எழுதணும்?"

மேஜர் அசோவைப் பார்த்தார். அசோ கூரையைப் பார்த்தார். மேஜர் தலையில் தொப்பியை எடுத்து வைத்தார். "சார்ஜென்ட், தோலைக் காட்டினா நான் ஏதாச்சும் எழுதலாம். காட்டலன்னா ஹொனோலுலு சொன்னதுதான் முடிவு. சாயங்காலம் நான் போயிருவேன்."

எல்லாரும் மலாகியைப் பார்த்தார்கள். அவனோ தன் கைகளைப் பார்த்தான். காட்டினால் பெரியவர் முகத்தில் கரி. மன்னித்து முடிந்ததை மறுபடி கிளறியவன் என்ற பெயர் சாகும்வரை போகாது. காட்டாவிட்டால் நாளைக் காலையிலிருந்து உப்புத் தண்ணீர். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்த யாரும் அவனைக் கேலி செய்திருக்க மாட்டார்கள், நான்கூட.

"ஐயா, மன்னிச்சிருங்க," என்று சொல்லிவிட்டு மலாகி சட்டைக்கையை மடித்தான்.

துயிமாலு எழுந்து வெளியே போய்விட்டார்.

மேஜர் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செக்கச்செவேல் என்று பொங்கியிருந்தது. "எவ்ளோ நேரமா அந்தப் பாய்க்குள்ள இருந்த?"

"விடியறதுக்கு முன்னாடியிருந்து மேடம்."

"அரிக்கலயா?"

"உயிர் போச்சு மேடம்."

"புதுசா ஒரு நகக்கீறல்கூட இல்லையே. ஏன் சொறியல?"

"பாய்க்குள்ள அசையக்கூடாது மேடம்." வேறு என்ன காரணம் வேண்டும் என்பது போல அவரைப் பார்த்தான்.

மேஜர் நெடுநேரம் எழுதினார். தோல் மோசம், ஆள் தாங்குவான், தாங்கினதை நானே பார்த்தேன் என்பதுதான் சாரம் என்று அசோ பின்னால் சொன்னார்.

சில மாதங்களில் விலக்கு வந்துவிட்டது. மலாகி ராணுவத்தில் சேர்ந்தான். இரண்டாவது வழியனுப்பு விருந்து கிடையாது. துயிமாலு ஒரு கோழிகூட அறுக்கவிடவில்லை, இன்றுவரை சலோத்தே வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இப்போது ஏசுவுக்குப் பக்கத்தில் மலாகி சீருடையோடு இருக்கிறான். அவன் தோலுக்காக எத்தனை டாக்டர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்று பார்த்தீர்கள் அல்லவா? ராணுவம் அவனுக்குக் கொடுத்திருக்கும் வேலை, சமையற்கூடத்தில் சோப்புத் தண்ணீரில் கைவிட்டு அண்டா கழுவுவது.

"சோப்புத் தண்ணியா இருந்தா என்ன," என்றான் பெனி, பன் காகிதத்தைக் கசக்கியபடி. "அவனா சட்டைக்கையை மடிச்சான், அவனா போனான். பெரியவர் பேச்சக் கேட்டிருந்தா இன்னும் மீன் கழுவிட்டிருப்பான்."

ஃபிலோமேனா எழுந்துவிட்டாள். "என்னது? பாய் போத்தலன்னா அந்தம்மா எதைப் பாத்து எழுதியிருப்பா? எங்கப்பா போட்ட பாய். எங்கப்பா உக்காரவெச்ச எடம்."

"உங்கப்பா தோலை மூடிக்கச் சொன்னாரு அக்கா. அவன் தொறந்து காட்டினான்."

"பெரியவரை அத்தன பேர் முன்னாடி தலகுனிய வெச்சவனை மெச்சிக்கிறியே, உன் அக்கா வளத்த லட்சணம்."

"எங்கக்காவை இழுக்காத. வண்டிய விட்டு எறங்கு."

"எறங்க மாட்டேன். நீ மொதல்ல சலோத்தேவ வந்து எங்கப்பாகிட்ட பாய் போத்திட்டு உக்காரச் சொல்லு."

"அவரு வந்து எங்கக்கா வாசல்ல உக்காரட்டும்."

முன் இருக்கைக்காரர்கள் பெனி பக்கம் சாய்ந்தார்கள், பின் இருக்கை மொத்தமும் எழுந்து நின்றது. யாரோ ஒருவர் கிழங்குக் கூடையைக் கவிழ்த்தார். பெனி சாவியை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, சட்டைக்கையை மடித்தபடி பின்பக்கம் நடக்க ஆரம்பித்தான்.