திஜோனில் இறங்கிக்கொண்ட மரகதம்

சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆட்டோவில் உட்கார்ந்திருந்தபோது ஏழுமலையின் போன் வந்தது. மரகதத்தின் கடைசித் தம்பி. எப்போதும் கடற்கரையில் நின்று கூப்பிடுவதுபோலச் சத்தமாகப் பேசுகிறவர். அன்று அவருக்குக் குரல் எழவில்லை.

"யக்கா... மரகதக்கா பூட்ச்சிக்கா. கார்த்தால டீ குடிச்சிகினே இருந்திச்சி. அப்பிடியே சாஞ்சிடுச்சி."

சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை போனைக் காதில் வைத்தபடி இருந்தேன். அவரும் வைக்கவில்லை.

மரகதத்தோடு வேலை பார்த்தவர்கள்தான் பெரும்பாலும் இதைப் படிக்கப்போகிறீர்கள். தபால் பிரிவு மரகதம் என்றதும் உங்களுக்கு முதலில் நினைவு வருவது அந்தச் சத்தமாகத்தான் இருக்கும். இடது காலுக்குத் தாங்கலாகப் போட்டிருந்த காலிப்பரின் இரும்பு படிக்கட்டில் படும் சத்தம். தொண்ணூற்றொன்றில் நான் நம் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகப் பிரிவில் சேர்ந்தபோது தபால் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. புதிதாக வந்த அதிகாரி ஒருவர் இரக்கப்பட்டு, அவருடைய மேஜையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார். மரகதம் எழுந்து நின்று பதில் சொன்னதை நான் கேட்டேன். "நான் லேட்டா வந்தா கேளுங்க சார். எப்பிடி ஏறி வந்தேன்னு கேக்காதீங்க." அதிகாரி அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மரகதம் ஒரு நாளும் தாமதமாக வந்ததும் இல்லை.

எங்களைச் சேர்த்து வைத்தவை தபால் உறைகள். பிரான்ஸிலிருந்து ஆய்வுக்கூடங்கள் அனுப்பும் கடிதங்கள் அவர் கை வழியாகத்தான் வரும். அஞ்சல் தலைகளில் ஆற்றங்கரை ஊர்கள், பாலங்கள், திராட்சைத் தோட்டங்கள். இதழ்களைப் பட்டியலிடுவதற்காக நான் ஆறு மாதம் பிரெஞ்சு படித்திருந்தேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். பேசினால் பிரெஞ்சுக்காரர்களுக்குப் புரியாது. இது தெரிந்ததும் மதிய இடைவேளையில் உறையோடு வந்து நிற்பார். "இன்னாமே வசந்தா, இந்த ஊர எப்பிடி படிக்கறது?" சொன்னால் இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்வார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்து, அங்கிருந்து முதன்முதலாக அரசு வேலைக்கு வந்தவர். "எங்க கோயில பாக்கறதுக்கு அவங்க அம்மாந் தொலவு வந்துகினு கீறாங்க. நாம ஒரு வாட்டி போய்ப் பாக்க வேணாவா?" என்று பதினோரு வருடம் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாயிரத்து இரண்டு ஜூன் மாதம், துறை அனுமதியெல்லாம் வாங்கி, ஒரு சுற்றுலாக் குழுவில் இருவரும் கிளம்பினோம். அவருக்கு ஐம்பத்தாறு வயது. எனக்கு நாற்பத்தெட்டு. பயணத்துக்காக அவர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சுடிதார் தைத்துக்கொண்டார்.

குழுவில் நாற்பத்திரண்டு பேர். பாரிஸில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் பல நாடுகளைச் சுற்றிவிட்டு, பாரிஸிலேயே விமானம் ஏற வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிடம். முதல் நாளே வழிகாட்டி சொல்லிவிட்டார்: "மேடம், நீங்க வண்டியிலயே இருந்துக்கங்க. உங்களுக்காக நாப்பது பேர் நிக்க முடியாது." பாரிஸ் முழுவதையும் மரகதம் பேருந்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நான் துணைக்கு உட்கார்ந்தால், "நீ எறங்கிப் போய்ட்டு வாமே" என்று விரட்டுவார். மூன்றாம் நாள் மதியம் திஜோன் என்ற ஊரில் சாப்பாட்டுக்காக நிறுத்தினார்கள். வழிகாட்டி அவர் இருக்கைக்கே பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினார். மரகதம் அதை வாங்கவில்லை. வெளியே தெருமுனையில் நாற்காலிகள் போட்டு மனிதர்கள் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததையே பார்த்தார்.

"தம்பி, எங்க பொட்டிய எறக்கு."

"இங்க ஹோட்டல் இல்லைங்க மேடம். ராத்திரிதான்..."

"தெரியும்பா. நாங்க இங்கியே எறங்கிக்கறோம். நீங்க சுத்திட்டு வாங்க. கடைசி நாளு ஏர்போர்ட்டாண்ட பாத்துக்கலாம்."

வழிகாட்டி என்னைப் பார்த்தார். ஒரு அறைக்குக்கூட முன்பதிவு இல்லை. "அக்கா, நல்லா யோசிச்சியா?" என்றேன். "மூணு நாளா அத்ததான் யோசிச்சிகினு கீறேன். நீ வரியா, இல்ல வண்டியில போறியா?" என்று கேட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்க ஆரம்பித்தார். எங்கள் பொறுப்பில் போகிறோம் என்று எழுதிக் கொடுத்து, இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டேன். பேருந்து எங்களை விட்டுவிட்டுத் தெரு திரும்பி மறைந்தது. மரகதம் சிரிக்கத் தொடங்கினார். அப்படி ஒரு சிரிப்பு. காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது.

அடுத்த ஒன்பது நாட்கள் போன வேகத்தை நினைத்தால் இன்றும் சுகமாக இருக்கிறது. திஜோனிலேயே ஒரு சின்ன விடுதியில் அறை கிடைத்தது; இரண்டு நாள் இருந்துவிட்டு, எல்லா நிலையத்திலும் நின்று போகும் ரயில்களாகப் பார்த்து ஏறினோம். ஸோன் நதிக்கரையில் தூர்னூ என்றொரு சிறிய ஊர். உறையில் நான் தப்பாக 'தூர்னுஸ்' என்று படித்துக் காட்டிய ஊர். ஒரு நாள் தங்கலாம் என்று இறங்கியவர்கள் நான்கு நாள் இருந்தோம். காலையில் ரொட்டி வாங்குவோம். நான் கொண்டுபோன பருப்புப் பொடியை வெண்ணெயில் குழைத்து அதில் தடவிக்கொள்வோம். பிறகு ஆற்றோரம் பெஞ்சுக்குப் பெஞ்சு நடை. இரவு ஒன்பதரை மணிக்கும் வெயில் இறங்காது. "இந்த ஊரு சூரியனுக்கு வூட்டுக்குப் போவவே மனசில்ல" என்பார் மரகதம். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவர் அவரிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். இவர் தமிழில் பதில் சொன்னார். ஒரு மணி நேரம் இருவரும் மீனைப் பற்றித்தான் பேசினார்கள் என்பது எனக்கு நிச்சயம்.

அங்கிருந்து கிளம்பிய அன்று ரயில் படி உயரமாக இருந்தது. மரகதம் முதலில் நல்ல காலை ஊன்றி, மற்றக் காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டும். கார்டு விசிலை வாயருகே கொண்டுபோனவர் இவரைப் பார்த்ததும் கையைக் கீழே இறக்கினார். யாரும் முணுமுணுக்கவில்லை. ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கியபின் மரகதம் சொன்னார்: "பாத்தியாமே? வண்டி நிக்கும். நிறுத்தறவனுக்கு மனசு இருந்தா போதும்."

தெற்கே கடல்வரை போய்விடுவது என்று முடிவு செய்தோம். சூரியகாந்தி வயல்களைத் தாண்டி, கடலோரத்தில் ஒரு மீன்பிடித் துறைமுகம். ஊருக்கு நடுவில் ஓடும் கால்வாயில் படகுகள் திரும்பி வரும். மீன் பெட்டிகளை எட்டிப் பார்த்து, "மத்தி. கடம்பா. இது நம்ம சங்கரா மாரி கீது" என்று அடையாளம் சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாள் மதியம் கடற்கரை. மணலில் உட்கார்ந்து காலிப்பரின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். என் கையில் கொடுத்தார்.

"புடிச்சிக்கோ. நான் தண்ணிக்குப் போறேன்."

"அக்கா, வேணாம்."

"எங்க நைனா சொல்வாரு, 'தரையில நடக்காத கொயந்த தண்ணியில நடக்கட்டும்'னு. அஞ்சு வயசுல தூக்கினு போய் வுட்டாரு. வேலைக்கி வந்தப்பறம் எறங்கவே இல்ல."

பதினோரு வருடப் பழக்கத்தில் இதை அவர் சொன்னதே இல்லை. மணலில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து அலைக்குள் போனார். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் கை இரண்டையும் வீசினார். அவ்வளவுதான், ஆளே மாறிவிட்டார். நேராக, சீராக, ஒரு பக்கமும் சாயாமல் போய்க்கொண்டே இருந்தார். எல்லைக்காகக் கட்டியிருந்த மஞ்சள் மிதவைகளையும் தாண்டினார். உயிர்காப்பாளர் விசில் ஊதினார். ஊதிக்கொண்டே பலகையோடு கடலில் பாய்ந்தார். நான் காலிப்பரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றேன். தூரத்தில் மரகதம் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். அருகில் போன அந்த இளைஞரிடம், "இன்னாத்துக்குப்பா ஊதிகினே கீற? காது கொய்யிங்குது" என்றாராம்.

திரும்பி வருகையில் அந்த இளைஞர்தான் பின்தங்கினார். கரைக்கு வந்து மரகதம் மணலில் அமர்ந்தபோதுதான் அவர் அந்தக் காலைப் பார்த்தார். என் கையில் இருந்த இரும்பைப் பார்த்தார். தாண்டி வந்த மிதவையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கைதட்டினார். பக்கத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள். "ப்ராவோ, மதாம்!" மரகதம் தலைமுடியைப் பிழிந்தபடி, "இன்னா சொல்றாங்க?" என்றார். "சபாஷ்னு சொல்றாங்கக்கா" என்று காலிப்பரை நீட்டினேன்.

விமான நிலையத்தில் குழுவினர் வீங்கிய பாதங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். படாளத்திலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மட்டும் எழுந்து வந்து, "என்னம்மா பார்த்தீங்க?" என்றார்.

"மூணு ஊரு சார். முழுசா."

"நாங்க பதினாலு" என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எது எதுன்னுதான் கொழப்பமா இருக்கு" என்றார். வழிகாட்டி அன்று மரகதத்தின் பெட்டியை அவரே தள்ளிக்கொண்டு வந்தார். மரகதமும் மறுக்கவில்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தபோது குப்பத்துப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கதை அங்கே ஏழு வருடமாக வளர்ந்திருந்தது. பிரான்ஸில் மரகதக்கா நடுக்கடல் வரைக்கும் நீந்தியதாம். போலீஸ் படகு துரத்தியும் பிடிக்க முடியவில்லையாம். கரையில் ஆயிரம் பேர் கைதட்டினார்களாம். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக் கேட்டார்: "நீதான கூடப் போனவ? அத்தினியும் நெசமா?"

கைதட்டியவர்கள் முப்பது பேர் இருக்கலாம். படகு கிடையாது, ஒரு பலகைதான். மரகதத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அந்தக் கடற்கரை மதியம் ஒன்றுதான். அதைக் கண்ணால் கண்டவள் இந்தக் குப்பத்துக் கரையில் நான் ஒருத்திதான்.

"நெசம்தான்" என்றேன். "எல்லாத்தையும் நான் பாத்தேன்."