இரண்டு மணி நேரம் எங்கேஜ்

ஆவுடைத்தாயைத் திமிர் பிடித்தவள் என்று சொல்பவர்கள் இன்றும் கோவில்பட்டியில் இருக்கிறார்கள். திமிர்தான். அது இல்லாத என்னைப் போன்றவர்கள் அன்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

பசுவந்தனையிலிருந்து பஸ்ஸில் வந்துபோவாள். எங்கள் தீப்பெட்டி ஆபீஸின் ஒரே கம்ப்யூட்டருக்கு அவள்தான் ஆபரேட்டர். நான் லோடு அனுப்பும் கிளார்க். அவள் அப்பாவின் மிளகாய்ச் செடி இரண்டு வருடமாகக் கருகிப்போனதில், அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

2002 மே மாதம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த காலையில், பெட்டி அடைக்கும் வெயிலம்மாள் ஒரு தீப்பெட்டி அட்டையை நீட்டினாள். அதில் மகளின் தேர்வு எண் இருந்தது.

"ஏட்டி ஆவுடை, பேப்பர்ல வர நாளைக்கு ஆகுமாம். இந்தக் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லேன்."

பார்த்தாள். அட்டையின் பின்பக்கம் மார்க்கை எழுதிக் கொடுத்தாள். ஆயிரத்து நாற்பத்து மூன்று. அவ்வளவுதான், அடுத்த கால் மணி நேரத்தில் மேஜையில் நாற்பது அட்டைகள். ஒருவரையும் அவள் திருப்பி அனுப்பவில்லை.

நெட்டுக்கும் போனுக்கும் ஒரே லைன். நெட் ஓடினால் போன் எங்கேஜ். இரண்டு மணி நேரம் முயன்று பார்த்த வெளியூர் ஏஜெண்ட், ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்.

மேனேஜர் பூவனலிங்கம், முதலாளியின் மச்சினன், குதித்தார். ஆபீஸ் நெட்டைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தியது தவறு என்று எழுதி, எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். இல்லையென்றால் நாளை முதல் வரவேண்டாம்.

சாயங்காலம் மேனேஜரும் நானும் நிற்க, முதலாளி முன்னால் கடிதத்தை வைத்தாள். கையெழுத்து இல்லை. கூடவே இரண்டு தாள்.

"இது என்னம்மா?"

"மூணு வாரமா நெட்டுல எப்ப என்ன பாத்தாவன்னு கம்ப்யூட்டரே குறிச்சு வச்சிருக்கு, முதலாளி. ஆர்டர் போனது என் தப்பு. லைனு எங்கேஜாகும்னு சொல்லியிருக்கணும். அந்த ரெண்டு மணி நேரம் என்னுது. மிச்சமெல்லாம் நான் சாப்பிடப் போற நேரம். அந்நேரம் இங்கன உக்காருதவிய கிட்டயும் ஒரு கடிதம் வாங்குங்க. அப்புறம் நான் கையெழுத்துப் போடுதேன்."

தாள்கள் நிறைய ரம்மியும் நடிகைகள் படமும்தான். பூவனலிங்கம் திடீரென்று சுவர்க் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "ஏவே, மத்தியானம் இங்கன யாரு உக்காருவா?"

தினமும் பார்த்தவன் நான். "தெரியாது முதலாளி" என்றேன். சொல்லும்போதே கூசியது.

"எனக்குத் தெரியும், சொல்லட்டுமா?" வாசலில் வெயிலம்மாள். பின்னால் அட்டையும் கையுமாக மற்ற பெண்கள். ஊருக்குக் கூட்டிப்போகும் வேன் ஹாரன் அடித்தும் ஒருத்தியும் ஏறவில்லை.

"வேண்டாம்" என்றார் முதலாளி. தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதன்பின் கடிதத்தை யாரும் கேட்கவில்லை. அந்த மாதமே நெட்டுக்குத் தனி லைன் வந்தது.

அடுத்த வருடம் என் மகன் பிளஸ் டூ. ரிசல்ட் அன்று நானும் ஒரு அட்டையில் எண்ணை எழுதிக்கொண்டு அவள் மேஜை முன் போய் நின்றேன்.

ஆவுடைத்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு நம்பர் அண்ணாச்சி இது? தெரியுமா, தெரியாதா?"

"என் மகன் நம்பர்" என்றேன். குரல் எழும்பவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அட்டையை வாங்கினாள்.