டெக்னிக்கைத் தேடிப் போன கதை

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்றால், மொழிபெயர்ப்பாளருக்கு எத்தனை பக்கம் என்று அகராதியோடு மல்லுக்கட்டும் சக பாவிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சொல், அரை நாள்

சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பெட்டி தூக்குபவர்களுக்கான ஆங்கிலப் பாதுகாப்புத் தாள் மொழிபெயர்க்க வந்தது. தலைப்பிலேயே ‘டெக்னிக்’. தோண்டிப் பார்த்தேன். கிரேக்கத்தில் கைவேலை, கலை என்ற பொருளில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல்லாம். ஒரு வேலையைத் திறமையாகச் செய்யும் வழி என்று பொருள். ‘நுட்பம்’ என்று போட்டேன். அந்த உற்சாகத்தில், ‘பளு தூக்கும் நுட்பமாவது, புவியீர்ப்பு மையத்தைச் சமநிலையில் பேணுதல்’ என்று நாலு வரி வேறு.

வேலை கொடுத்த பயிற்சி நிறுவனத்தின் மிஸ் லிம் போனில் வந்தார். “ஒன் வேர்ட், ஹாஃப் டே? பிரிண்டர் வெயிட்டிங் லா!”

தேக்காவில் ஒரு வாசகர்

அச்சுக்குப் போகுமுன் அந்த வேலையைச் செய்பவர் ஒருவரிடம் படிக்கக் கொடுப்பது என் வழக்கம். இந்தத் தடவை அகப்பட்டவர் செல்வம். சாங்கியில் பெட்டி தூக்குபவர். இந்தத் தாளை வைத்துத்தான் வியாழக்கிழமை அவருக்குப் பரீட்சை. போன தடவை கேள்வியே புரியாமல் கோட்டைவிட்டவர். மறுபடி தவறினால் வேலை போகும், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

தேக்கா உணவங்காடியில் தோசை ஆற ஆற இரண்டு முறை படித்தார். “அக்கா, பெட்டி தூக்குறது ஈஸி. இத படிச்சாத்தான் முதுகு வலிக்குது.”

மைலோ பெட்டி

“சரி, எப்படித் தூக்குவீங்க? காட்டுங்க” என்றேன். பக்கத்துக் கடை வாசலில் இருந்த மைலோ பானப் பெட்டியை இழுத்தார். காலை அகட்டினார், முழங்காலை மடக்கினார், பெட்டியை நெஞ்சோடு அணைத்தார், முதுகு வளையாமல் எழுந்தார். பெட்டி தூக்கும் ஒருவரை அன்றுதான் நான் ஒழுங்காகப் பார்க்கிறேன், வெட்கமாக இருந்தது. என் நாலு வரியையும் அடித்துவிட்டு, அவர் செய்ததைச் செய்த வரிசையிலேயே எழுதினேன். தலைப்பு: ‘பெட்டி தூக்கும் முறை’.

பெட்டிக்குச் சொந்தக்காரக் கடைக்கார அம்மா எட்டிப் பார்த்தார். “படிச்சது போதும் தம்பி, பெட்டிய உள்ள கொண்டு வச்சிட்டுப் போ.”

வியாழக்கிழமை

காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குச் செல்வம் கூப்பிட்டார். தேறிவிட்டார். ‘அப்பாடா’ என்று நாற்காலியில் சாய்ந்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை. “தாள்ல தமிழ் நல்லாருக்கு, யாரு எழுதுனதுன்னு பசங்க கேக்குறாங்க அக்கா. நான்தான்னு சொல்லிட்டேன், பரவாயில்லையா?”

இத்தனை வருடத்தில் என் தமிழ் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னது இதுதான் முதல் தடவை, அதையும் செல்வம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.