கால் சுற்றுத் தள்ளிப் போன தாம்பூலம்

சிதம்பரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அக்காவைப் பெண் பார்க்கக் கடலூருக்கு வந்தது அறுபதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி வெள்ளம் வடிந்த பிறகு. ஆண்டைப் பற்றி வீட்டில் இன்னும் தகராறு உண்டு. கிழமை ஞாயிறுதான், நாலரைக்கு ராகுகாலம் பிறக்குமுன் தாம்பூலம் மாற்றிவிட வேண்டுமென்று அம்மா தவித்தாள்.

மாப்பிள்ளை கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவர். அக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது, அவள் சொஜ்ஜி வைத்த விதத்திலேயே தெரிந்தது. தாய்மாமா தாம்பூலத் தட்டில் கை வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து யாரோ, வெள்ளத்தில் குமராட்சிப் பக்கம் ஹெலிகாப்டர் சோற்றுப் பொட்டலம் போட்ட கதையை எடுத்தார்கள்.

“அதுவும் பம்பரந்தான் தம்பி,” என்றார் மாமா. “சுத்துறத ஒரு எடத்துல தள்ளுனா, கால் சுத்து தள்ளித்தான் சாயும். அதனாலதான் ஹெலிகாப்டர் றெக்கைய கால் சுத்து முன்னாடியே திருப்பி வுடுறான்.”

“கால் சுத்துங்கிறது சரி சார். காரணந்தான் தப்பு,” என்றார் மாப்பிள்ளை.

மாமா என் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி வரச் சொன்னார். அச்சின் இரு முனைகளையும் அவர் பிடித்துக்கொள்ள, நான் சுழற்றினேன். அவர் ஒரு பக்கம் சாய்த்தார். சக்கரம் வேறு பக்கம் திமிறி, மாப்பிள்ளையின் அப்பா முன்னாலிருந்த பஜ்ஜியைத் தட்டோடு வாரிக்கொண்டு போயிற்று.

“பாத்தீங்களா?”

“சக்கரம் கெட்டி சார். றெக்கை நடுத்தண்டுல சேர்ற எடத்துல கீல் இருக்கு. தள்ளுன எடத்துலயே மேல ஏற ஆரம்பிச்சிடும். உச்சிக்குப் போய்ச் சேரத்தான் கால் சுத்து ஆவுது. கீலை நடுவுலேர்ந்து எட்ட வச்சா அந்தக் கால் சுத்தும் கொறையும். பம்பரம்னா கொறையலாமா?”

மாமா தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். “பம்பரம்னு ஒத்துக்கட்டும். அப்புறம் தாம்பூலம்.”

“பொண்ணு புடிச்சிருக்கு சார். பம்பரத்த ஒத்துக்க முடியாது.”

அம்மா கடிகாரத்தைப் பார்த்து அழாத குறை. கதவோரம் நின்றிருந்த அக்கா வாய் திறந்தாள்.

“மாமா, என்னை ஹெலிகாப்டர்லயா கூட்டிக்கிட்டுப் போவப் போறாங்க? பஸ்ஸுலதானே?”

மாமா எழுந்து, எதிரே இருந்த மாப்பிள்ளையைப் பார்க்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த அவர் அப்பாவிடம் தட்டை நீட்டினார். “ராகுகாலம் வந்துடுமேன்னு குடுக்குறேன். அவரு சொன்னது சரின்னு இல்ல.”

“முடிவு சரி சார்,” என்று தொடங்கினார் மாப்பிள்ளை, “ஆனா...”

“போதுங்க,” என்றாள் அக்கா. அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.