கைப்பையில் வந்த கரப்பான்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் பதினெட்டு வருடமாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். அழுக்கு எனக்குப் புதிதல்ல. விசைகளுக்கு அடியில் முடி, நகத்துண்டு, மிக்சர் தூள் எல்லாம் பார்த்திருக்கிறேன். ஒருமுறை காய்ந்துபோன பல்லி. ஒரு பொம்பளை எப்படி இதையெல்லாம் தொடுகிறாய் என்று கேட்பவர்களிடம், நீங்கள் தொட்டதைத்தானே நானும் தொடுகிறேன் என்பேன். அப்படிப்பட்ட எனக்கே, போன வருடம் புனேயிலிருந்து விமானத்தில் கொண்டுவந்த அந்த ஏழு லேப்டாப்களை நினைத்தால் இன்றைக்கும் சோப்புப் போட்டுக் கை கழுவத் தோன்றுகிறது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி இருக்கும் ஒரு பள்ளியின் கணக்கு டீச்சர் என் வாடிக்கையாளர். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். பள்ளியில் இருந்த ஒரே கணினியின் சிபியூவை சாக்குப்பையில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கொண்டுவருவார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது அது நின்றுபோகும். புனேயில் ஒரு பெரிய கம்பெனி பழைய லேப்டாப்களைப் பள்ளிகளுக்குத் தருகிறது என்று எங்கோ படித்துவிட்டு அவராகவே எழுதிப் போட்டார். ஏழு லேப்டாப்பும் ஒரு புரொஜெக்டரும் தருகிறோம் என்று பதில் வந்தது. கூரியரில் போட்டால் உடைந்துவிடுகிறது, இரண்டு பேர் நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், விமான டிக்கெட்டும் தங்க இடமும் எங்கள் பொறுப்பு என்றார்கள்.

"எனக்குப் பொருளப் பாத்து வாங்கத் தெரியாதுக்கா. நீங்க கூட வந்தா தைரியமா இருக்கும்," என்றார் டீச்சர்.

இருவருக்கும் அதுதான் முதல் விமானம். என் வீட்டுக்காரர் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கிளம்பினோம்.

அந்தக் கம்பெனி கட்டடம் முழுக்கக் கண்ணாடி. தரையில் நம் முகம் தெரிந்தது. எங்களை வரவேற்றவர் மதுரைப் பக்கத்துக்காரர், அங்கே ஏதோ பெரிய அதிகாரி. தமிழ் கேட்டதும் எனக்கு மனசு லேசானது. வெள்ளைத்துணி விரித்த மேசையில் லேப்டாப்களை இரண்டு அடுக்காக வைத்து, சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். மூடிகளை எதையோ போட்டுத் துடைத்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். போட்டோ எடுப்பவர் சொன்னதும் அதிகாரி டீச்சருக்குப் பக்கத்தில் வந்து, லேப்டாப்பின் ஓரத்தை இரண்டு விரலால் மட்டும் பிடித்தார். போட்டோ முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன குப்பியை எடுத்துக் கையைத் தேய்த்துக்கொண்டார். சுத்தம் பார்க்கிற மனிதர் போல என்று நினைத்தேன்.

"ஒண்ண ஆன் பண்ணிப் பாத்துக்கட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"சார்ஜ் இருக்காதும்மா. எல்லாமே வொர்க்கிங் கண்டிஷன்தான். ஊர்ல போய்ப் பாத்துக்கங்க, உங்களுக்கு ஃப்ளைட்டுக்கு நேரமாகும்."

எங்கள் விமானம் மறுநாள் மதியம். அதைச் சொல்வதற்குள் அவர் லிஃப்டுக்குள் போய்விட்டார். டீச்சர் ஏற்கெனவே ஏழு லேப்டாப் பெற்றுக்கொண்டோம் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

லாட்ஜ் அறைக்கு வந்தபோது மூன்று மணி இருக்கும். டீச்சர் தன் பெரிய பெட்டியைக் காலி செய்து லேப்டாப்களை அதில் அடுக்கத் தொடங்கினார்.

"அதுல வேணாம் டீச்சர். பெட்டிய அவங்க தூக்கிப் போடுற போடுல டிஸ்பிளே ஒடஞ்சிடும். பேட்டரி இருக்கறத கையிலதான் எடுத்துக்கினு போவணும். நம்ம துணிமணிய அந்தப் பெட்டில போடுங்க, இத ரெண்டு பேரும் பிரிச்சிக்கலாம்."

பிரிக்கும்போதுதான் ஒன்றின் மூடி படியாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன். பேட்டரி வீங்கியிருந்தால் அப்படி நிற்கும். அதை விமானத்தில் கொண்டுபோகவே கூடாது. நான் கொண்டுவந்திருந்த ஸ்க்ரூ டிரைவர் செட்டை எடுத்து, லேப்டாப்பைக் கவிழ்த்து, அடிப்பலகையைக் கழற்றினேன்.

முதலில் வாடைதான் வந்தது. பல நாள் மூடிவைத்த எண்ணெய்ப் பாத்திரத்தைத் திறந்தாற்போல. மின்விசிறியைச் சுற்றி முடியும் தூசியும் சேர்ந்து ஈரத்தோடு அப்பிக்கிடந்தது. அதன் ஓரம் முழுக்கக் கரப்பான் முட்டைக்கூடுகள், பழுப்பாக, வரிசை வரிசையாக ஒட்டியிருந்தன. வெளிச்சம் பட்டதும் எள் அளவு குஞ்சுகள் நாலா பக்கமும் ஓடின. இரண்டு என் மணிக்கட்டில் ஏறின. டீச்சர் கட்டில்மேல் ஏறி நின்றுவிட்டார்.

நான் உதறிவிட்டு, வாயைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. அது மட்டுமல்ல. ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடம் காலி. ராம் என்கிற நினைவுச் சில்லு செருகும் இடமும் காலி. மற்ற ஆறையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எதிலும் டிஸ்க் இல்லை. ஐந்தில் ராம் இல்லை. ஒன்றின் விசைப்பலகைக்குள் டீயா எச்சிலா என்று சொல்ல முடியாத சிவப்புக் கறை, ஜவ்வு போல இழுபட்டது. குளியலறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். வேலையில் அதுவரை எனக்கு அப்படி ஆனதில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அதிகாரிக்கு போன் போட்டேன்.

"சார், எதுலயும் டிஸ்க் இல்லைங்களே."

"அது டேட்டா செக்யூரிட்டிம்மா. கம்பெனி ரூல். டிஸ்க் தர மாட்டோம்."

"சரிங்க சார். ராமையும் எடுத்திருக்கீங்களே. கரண்ட நிறுத்துனா ராம்ல ஒண்ணும் இருக்காதுங்களே, அதுல இன்னா சார் செக்யூரிட்டி?"

"அத ஸ்டோர்ஸ்லதாம்மா கேக்கணும்," என்றார்.

"உள்ள கரப்பான் கூடு கட்டியிருக்குங்க சார்."

"பழசுன்னா அப்படி இப்படித்தான் இருக்கும். இலவசமா தர்றத இவ்வளவு நோண்டக்கூடாதும்மா," என்று வைத்துவிட்டார்.

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னை அதிகம் அருவருக்க வைத்தது. அவர் இரண்டு விரலால் தொட்டது ஏன் என்று இப்போது புரிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"விட்டுட்டுப் போயிடலாமாக்கா?" என்று டீச்சர் கட்டிலிலிருந்தே கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, "பசங்ககிட்ட சொல்லிட்டு வந்துட்டேனே. ஏழு வருதுன்னு யார் யாரு பக்கத்துல உக்காரணும்னு லிஸ்ட்டே எழுதி வச்சிக்கினு இருக்குதுங்க," என்றார்.

டிஸ்பிளே எதிலும் கீறலோ உடைசலோ இல்லை. என் கடையில் பழைய ராமும் டிஸ்க்கும் கொஞ்சம் உண்டு. ஏழையும் பிரித்துச் சேர்த்தால் மூன்று தேறும் என்று கணக்குப் போட்டேன். கொண்டுபோவோம் என்றேன்.

வீங்கிய பேட்டரியை எங்கே போடுவது என்று தெரியவில்லை. குப்பைத்தொட்டியில் போட்டால் தீப்பிடிக்கலாம். லாட்ஜுக்கு எதிர்ச்சந்தில் ஒரு லேப்டாப் கடை இருந்தது. அங்கிருந்த பெரியவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. பேட்டரியைக் காட்டினேன். அவர் உச்சுக்கொட்டிவிட்டு, இடுக்கியால் வாங்கி, மூலையில் இருந்த மணல் வாளிக்குள் புதைத்தார். விமானம் போல் கையை வீசி, ஏழு விரல் காட்டினேன். சிரித்துவிட்டு, ஒரு கட்டு குமிழ்ப் பிளாஸ்டிக்கையும் இரண்டு பழைய பிரஷ்ஷையும் கொடுத்தார். அந்த ஊரில் எனக்குப் பிடித்த ஒரே மனிதர் அவர்தான்.

சாயங்காலம் வரை குளியலறையில் உட்கார்ந்து தேய்த்தோம். எவ்வளவு தேய்த்தாலும் கீல்களுக்குள்ளும் விசைப்பலகைக்கு அடியிலும் ஒளிந்திருப்பவை வரமாட்டா. அதனால் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடிச்சிட்டேன். அதன்மேல் குமிழ்ப் பிளாஸ்டிக். டிஸ்பிளே பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க இரண்டிரண்டாகச் சேர்த்து, நடுவில் என் பருத்திப் புடவையை மடித்து வைத்தேன். மூடியின்மேல் அழுத்தும் என்று சார்ஜர்களைத் தனியாகச் சுருட்டி ஓரத்தில் செருகினேன். புரொஜெக்டரின் லென்ஸில் பஞ்சு வைத்து, டீச்சரின் சாக்ஸால் மூடி, அவர் பையின் நடுவில் இறக்கினேன். என்னிடம் நான்கு, அவரிடம் மூன்று. எடை ஜாஸ்தியானால் என்ன செய்வது என்று டீச்சர் கவலைப்பட்டார். ஒன்றைத் தோள்பையில் வைத்துச் சமாளித்தோம்.

மறுநாள் விமான நிலையத்தில் எடைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பாதுகாப்புச் சோதனையில்தான் சிக்கல் வந்தது. லேப்டாப் எல்லாவற்றையும் உறையிலிருந்து எடுத்துத் தனித்தனித் தட்டில் வை என்று சீருடை போட்ட பெண் சைகை காட்டினார். பிளாஸ்டிக்கோடு வைக்கிறேன் என்று நானும் சைகையில் கெஞ்சினேன். முடியாது என்று தலையை ஆட்டினார். நான் போட்ட முடிச்சுகளை நானே பல்லால் கடித்து அவிழ்த்தேன். ஏழு தட்டு. எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது.

நான்காவது தட்டு கருவிக்குள் போய் வெளியே வந்தபோது, மூடியின் இடுக்கிலிருந்து ஒரு பெரிய கரப்பான் வந்து தட்டின் விளிம்பில் நின்று மீசையை ஆட்டியது. அதன் பின்னால் குஞ்சுகள். ஒன்று பக்கத்துத் தட்டில் இருந்த யாருடையதோ கோட்டுக்குள் போனது. சீருடைப் பெண் பின்னுக்கு நகர்ந்தார். ஒரு குழந்தை அழுதது. கோட்டுக்காரர் அதை எடுத்து உதறிக்கொண்டே எங்களைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவர் கூட வந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா சொல்றாரு டீச்சர்?"

"ஒண்ணும் இல்லக்கா."

என் கையாலேயே அந்தக் கரப்பானை அடித்து, டிஷ்யூவில் பொதிந்து எடுத்தேன். வெடிமருந்து இருக்கிறதா என்று ஏழையும் துணியால் துடைத்துச் சோதனை செய்து, புரொஜெக்டரின் சாக்ஸைக் கழற்றிப் பார்த்து, கடைசியில் விட்டார்கள். எல்லார் முன்னாலும் தரையில் உட்கார்ந்து மறுபடி கட்டினோம். டீச்சர் போட்ட முடிச்சு நிற்கவில்லை. நானே போட்டேன்.

விமானத்தில் அவர் எதுவும் சாப்பிடவில்லை. மேகம் தெரிந்தபோதுகூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "இவங்க வூட்ட இப்புடித்தான் வச்சிருப்பாங்கன்னு சொன்னாருக்கா," என்றார்.

எனக்கு அந்தக் கோட்டுக்காரர்மேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. அவர் கண்ணுக்கு எங்கள் கையில் இருந்துதான் கரப்பான் வந்தது. முகம் தெரிகிற தரை போட்ட கட்டடத்தின் அழுக்கை நாங்கள் சுமந்துகொண்டு, பெயரையும் வாங்கிக்கொண்டு போகிறோம். முன்னிருக்கைக்கு அடியில் இருந்த பையில் கால் படாமல் இறங்கும்வரை முழங்காலை மடக்கியே உட்கார்ந்திருந்தேன்.

சென்னையில் இறங்கி, கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தபோது வாசலிலேயே என் வீட்டுக்காரர் மறித்தார். போனில் எல்லாம் சொல்லியிருந்தேன்.

"வூட்டுக்குள்ள எடுத்தாராத. மொதல்ல மாடில வெயில்ல போடு. நீயும் குளிச்சிட்டு வா."

மூன்று நாள் மொட்டைமாடியில் பிரித்துப் போட்டேன். புடவையை எரித்துவிட்டேன். கையுறை போட்டுக்கொண்டு ஒரு வாரம் வேலை செய்ததில், நினைத்தபடி மூன்று ஓடின. புரொஜெக்டரில் பல்பு போயிருந்தது.

பள்ளியில் விழா வைத்தார்கள். முதல் நாள் தலைமையாசிரியர் எனக்கு போன் செய்து, ஓடாத நான்கையும் துடைத்து எடுத்து வாருங்கள் என்றார். ஏன் என்று புரிந்தது. புரிந்தும் துடைத்தேன். மூடிகளுக்கு மட்டும் திரவம் போட்டுப் பளபளவென்று ஆக்கினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும்போது அந்த நான்கும் இருந்த பையை மடியில் வைத்திருந்தேன். அந்த அதிகாரி செய்ததையேதான் நானும் செய்திருக்கிறேன்.

பள்ளியில் டீச்சர் மேசைமேல் மூன்றை மட்டும் எடுத்து வைத்தார். தலைமையாசிரியர் வந்து பார்த்தார்.

"பேனர்ல ஏழுன்னு போட்டாச்சு டீச்சர். மீதியையும் பின்னால மூடி வைங்க. ஓடுதா இல்லியான்னு எவனுக்குத் தெரியப்போவுது."

"பசங்களுக்குத் தெரியும் சார். போட்டோ எடுத்த ஒடனே தொறக்கச் சொல்லுவாங்க. நான் இன்னா சொல்றது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பையை இழுத்து மேசைக்கு அடியில் காலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டேன். "மீதி நாலும் உதிரிக்குத்தான் சார் ஆவும்," என்றேன். முகம் கடுகடுவென்று ஆனாலும் அவர் வற்புறுத்தவில்லை. எத்தனை என்று எண்ண முடியாதபடி பக்கவாட்டில் நின்று எடுங்கள் என்று போட்டோகாரரிடம் மட்டும் சொன்னார். பிள்ளைகள் ஏழு ஏழு பேராக மூன்றையும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

மழைக்காலத்தில் அதில் ஒன்று ஈரமேறி நின்றது. ஓடாத நான்கிலிருந்து உதிரி எடுத்துப் போட்டு மறுபடி ஓடவிட்டேன்.

இந்த வருடம் டீச்சர் கடைக்கு வந்து போனை நீட்டினார். கம்பெனியின் இணையப் பக்கத்தில் அந்தப் போட்டோ இருந்தது, ரிப்பன் கட்டிய ஏழு, இரண்டு விரல், டீச்சரின் சிரிப்பு. மலைப்பிள்ளைகளின் வாழ்வில் ஒளி என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதாகச் சொன்னார். கூடவே அதிகாரியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. இந்த முறை பத்து மானிட்டரும் இரண்டு பிரிண்டரும் தருகிறோம், எப்போது வருகிறீர்கள் என்று.

"போலாமாக்கா?"

"நான் சொல்றத இங்கிலீஷ்ல எழுதுங்க டீச்சர். ஒவ்வொண்ணையும் உங்க ஆபீஸ்லயே, உங்க முன்னாலயே தொறந்து பாப்போம். ஓடுறத மட்டும் எடுத்துக்கினு வருவோம். ஓடாததுக்குக் கையெழுத்துப் போட மாட்டோம்."

அப்படியே எழுதி அனுப்பினார். படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.